வொர்க்ஹவுஸ், மருத்துவமனைப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாதாரணக் குடும்பத்தைத் தேடிப் போகிறவர்களில் பலர், ஏதாவது ஒரு தலைமுறையில் வொர்க்ஹவுஸ் வாசலுக்கு வந்து சேருவார்கள். வேலை போனவர், கணவனை இழந்தவள், நோயாளி, வயதானவர், அநாதைப் பிள்ளை என்று போக்கிடம் இல்லாதவர்களை ஏழைச் சட்டப்படி உள்ளே வைத்து, சோறு போட்டு, உடம்பு முடிந்தவர்களிடம் வேலை வாங்கிய விடுதி அது. ஏழைகள் பலருக்கு மருத்துவமனையும் அதே வளாகத்தில்தான்.

என் மனைவி வழிக் குடும்பத்துக்காக இந்த ஏடுகளைப் புரட்டத் தொடங்கினேன். பிறகு லண்டனில் தெரிந்தவர்கள் பலருக்குத் துணையாக உட்கார்ந்தபோது, எல்லோரும் ஒரே இடங்களில் தடுக்கி விழுவதைப் பார்த்தேன். பெரும்பாலும் தேடும் வரிசைதான் தவறு.

வரிசையைப் பிடித்துக்கொள்ள ஒரு கேள்வி போதும்: இந்த ஆளுக்கு ஆகும் செலவு யார் கணக்கில்? இந்த ஏடுகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்குக்காகவே எழுதப்பட்டவை. எந்த ஊர் பணம் கொடுத்தது, யாரிடம் வசூலித்தது, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்பதைத் தொடர்ந்து போனால் அடுத்து எந்த ஏட்டைத் திறப்பது என்பது தெரிந்துவிடும்.

இங்கே சொல்வது 1834ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து, ஏழைகளைக் கவனித்த கார்டியன் குழுக்கள் கலைக்கப்பட்ட 1930 வரையிலான இங்கிலாந்து, வேல்ஸ் பற்றி. அதிலும் நான் நன்றாக அறிந்த லண்டன் பற்றிக் கூடுதலாக. அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் சட்டமும் ஏடுகளும் வேறு.

1. பதிவேட்டைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

புதிதாக வருபவர் முதலில் செய்வது, கொள்ளுத்தாத்தா பெயரைத் தேடல் பெட்டியில் தட்டி, வருகிற வொர்க்ஹவுஸ் பதிவுகளில் பொருந்துவது போலத் தெரியும் ஒன்றை எடுத்துக்கொள்வது. லண்டனில் ஒரே ஆண்டில் வொர்க்ஹவுஸுக்குள் போன மேரி பிரவுன்கள் எத்தனையோ பேர். ஏட்டின் ஒரு வரியை மட்டும் வைத்து அவர் உங்கள் மேரிதான் என்று சொல்ல முடியாது.

ஆகவே முதலில் இவற்றைச் சேருங்கள்: முழுப் பெயர், அதைக் காதால் கேட்டு எழுதினால் எப்படியெல்லாம் எழுதியிருப்பார்கள் என்ற பட்டியல், பிறந்த ஆண்டு ஏறத்தாழ, மதப் பிரிவு, தேதியுடன் ஒரு தெரு முகவரி, நெருங்கிய உறவினர் இருவரின் பெயர். முகவரியும் உறவினர் பெயரும்தான் முக்கியம். முகவரி எந்த ஏடு என்று காட்டும். உறவினர் பெயர் எந்த மேரி என்று காட்டும்.

இவை கிடைக்கும் இடங்கள் இரண்டு. பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள் 1837 ஜூலை 1 முதல் உண்டு. பதிவாளர் தலைமை அலுவலகத்தின் இணைய அட்டவணையில் பிறப்புக்குத் தாயின் கன்னிப் பெயரும் இறப்புக்கு வயதும் தொடக்கத்திலிருந்தே சேர்க்கப்பட்டுள்ளன. சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன்பே பலரைக் கழித்துவிட இது உதவும். அடுத்தது பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841 முதல் 1921 வரை பார்க்கலாம். 1931 கணக்கெடுப்பு தீயில் போய்விட்டது, 1941இல் போரால் எடுக்கவே இல்லை. அந்த இடத்தை 1939 செப்டம்பர் 29 தேதியிட்ட பதிவேடு ஓரளவு நிரப்பும்.

எல்லாவற்றையும் ஒரே தாளில் ஆண்டு வரிசையில் எழுதுங்கள். கணவன் இறந்ததற்கும் மனைவியின் அடுத்த முகவரிக்கும் நடுவே, கடைசிக் குழந்தை பிறந்ததற்கும் அடுத்த கணக்கெடுப்புக்கும் நடுவே வெற்றிடம் தெரியும். ஆயிரக்கணக்கான பக்கங்களில் எங்கே தேடுவது என்று சொல்வது அந்த வெற்றிடம்தான்.

2. பெயர் சொல்லாமல் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள்

சான்றிதழில் வொர்க்ஹவுஸ் என்ற சொல் இருக்க வேண்டும் என்பதில்லை. அங்கே பிறந்த குழந்தைக்கு அந்தப் பெயர் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று 1904 முதல் பிறப்புச் சான்றிதழில் வெறும் தெரு முகவரி எழுதத் தொடங்கினார்கள். லிவர்பூல் வொர்க்ஹவுஸ் ‘144ஏ, பிரவுன்லோ ஹில்’ ஆனது. நாட்டிங்காம் ‘700, ஹக்னால் ரோடு’ ஆனது. லண்டன் செயின்ட் பான்கிராஸ் ‘4, கிங்ஸ் ரோடு’ ஆனது. பின்னாளில் இறப்புச் சான்றிதழ்களுக்கும் இந்த வழக்கம் வந்தது.

பலர் இதை வீட்டு முகவரி என்று நம்பி, அந்த வீட்டில் யார் குடியிருந்தார்கள் என்று தேடிக் களைத்துப் போகிறார்கள். 1904க்குப் பிந்தைய சான்றிதழில் பிறந்த இடமும் தாயின் இருப்பிடமும் வேறுவேறாக இருந்தால், முதல் வேலையாக அந்த முகவரியைப் பழைய வரைபடத்தில் பாருங்கள்.

இன்னொரு அடையாளம், இன்றைய மருத்துவமனைப் பெயர். 1930க்குப் பிறகும், 1948இல் தேசிய மருத்துவ சேவை வந்தபோதும், வொர்க்ஹவுஸ் கட்டடங்கள் பல பொது மருத்துவமனைகள் ஆயின. லீட்ஸ் நகரின் செயின்ட் ஜேம்ஸ் அப்படி வந்ததுதான். ‘பாட்டி செயின்ட் ஜேம்ஸில் இறந்தார்’ என்று வீட்டில் சொன்னால், எந்த ஆண்டு என்று கேட்டு, அந்த ஆண்டில் அது என்னவாக இருந்தது என்று பாருங்கள்.

கணக்கெடுப்பில் வொர்க்ஹவுஸ் பக்கங்கள் தனியாக, பெரும்பாலும் அந்தப் பகுதியின் கடைசியில் இருக்கும். மனநல விடுதிகளில் பெயருக்குப் பதில் முதலெழுத்துகளை மட்டும் எழுதிய பக்கங்கள் நிறைய. முழுப் பெயரைத் தேடினால் அவை அகப்படாது. வயது, பிறந்த ஊர், தொழில் மூன்றையும் வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வொர்க்ஹவுஸில் பிறந்தார் என்றதும் தாய் மணமாகாதவள், குடும்பம் அங்கேயே கிடந்தது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வளாக மருத்துவமனைக்குப் பிரசவத்துக்கு மட்டும் போய் வந்த பெண்கள் நிறையப் பேர்.

3. எந்த யூனியன் என்று கண்டுபிடிப்பது

1834ஆம் ஆண்டுச் சட்டம் பாரிஷ்களை, அதாவது தேவாலய வட்டாரங்களாக அமைந்த உள்ளாட்சிப் பகுதிகளை, சேர்த்து யூனியன்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டியன் குழுவை அமைத்தது. ஏடுகள் எல்லாம் யூனியன் பெயரில்தான் இருக்கின்றன. ஆகவே முகவரியிலிருந்து பாரிஷ், பாரிஷிலிருந்து யூனியன் என்று போக வேண்டும். 1837இல் வகுத்த பதிவு மாவட்டங்கள் பெரும்பாலும் யூனியன் எல்லைகளையே பின்பற்றின என்பதால், சான்றிதழின் தலைப்பில் உள்ள மாவட்டப் பெயர் நல்ல துப்பு.

வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள வொர்க்ஹவுஸை எடுத்துக்கொள்வது தவறாகப் போகலாம். லண்டனில் தெருவின் ஒரு பக்கம் ஒரு யூனியன், எதிர்ப்பக்கம் இன்னொன்று என்றுகூட இருந்தது.

இங்கேதான் நம் கேள்வி முதலில் வேலை செய்கிறது. 1662 முதலே இருந்த சட்டப்படி, ஒருவர் எந்த ஊருக்கு உரியவரோ அந்த ஊர்தான் அவர் செலவை ஏற்க வேண்டும். பிழைப்புத் தேடி வந்த குடும்பம் லண்டனில் நொடித்துப்போனால், அவர்களை நார்ஃபோக்குக்கோ டெவனுக்கோ திருப்பி அனுப்ப ஆணை வாங்குவார்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து குடியிருந்தவரை அனுப்பக் கூடாது என்று 1846இல் சட்டம் வந்தது. 1865க்குள் அது ஓராண்டாகக் குறைந்தது. லண்டனில் சட்டென்று மறைந்த குடும்பத்தைச் சொந்த ஊர் யூனியனிலும் தேடச் சொல்வது இதனால்தான்.

4. என்ன மிஞ்சியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்

ஆளைத் தேடும் முன் ஏட்டைத் தேடுங்கள். சில யூனியன்களுக்கு ஏறக்குறைய எல்லாமே இருக்கின்றன. சிலவற்றுக்கு நிர்வாகக் குழுக் குறிப்புகள் மட்டும். உங்களுக்கு வேண்டிய ஆண்டின் ஏடே இல்லை என்பதை அறியாமல், ‘ஆள் அங்கே இல்லை’ என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். இரண்டும் ஒன்றல்ல.

லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘டிஸ்கவரி’ பட்டியலில் யூனியன் பெயரை இட்டால், எந்த மாவட்டக் காப்பகத்தில் என்ன இருக்கிறது என்று வரும். லண்டன் யூனியன்களில் பெரும்பகுதி, கிளார்க்கன்வெல்லில் உள்ள லண்டன் ஆர்கைவ்ஸில். 2024 வரை அதற்கு லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆர்கைவ்ஸ் என்று பெயர். பழைய கட்டுரைகளில் அப்படித்தான் இருக்கும்.

லண்டன் ஏடுகளின் படங்கள் ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளி இணையதளத்தில் உள்ளன. மற்ற மாவட்டங்கள் சிலவும் அயர்லாந்தும் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில். ஃபேமிலிசர்ச் தளம் இலவசம். ஆன்செஸ்ட்ரியைப் பிரிட்டனின் பொது நூலகங்கள் பலவற்றில் காசில்லாமல் பார்க்கலாம், சந்தா கட்டும் முன் விசாரியுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: படம் இணையத்தில் இருப்பதாலேயே பெயர் அட்டவணையும் இருக்கும் என்று சொல்ல முடியாது. அட்டவணை இல்லாத ஏட்டைப் புத்தகம் போலப் புரட்டத்தான் வேண்டும். முதல் தாளில் போட்ட ஆண்டு வரிசை அப்போது கைகொடுக்கும்.

5. சமயப் பதிவேட்டில் தொடங்குங்கள்

நான் யாருக்கு உதவினாலும், 1869க்குப் பிந்தைய தேடல் என்றால் முதலில் எடுப்பது இதைத்தான். பட்டியல்களில் ‘கிரீட் ரிஜிஸ்டர்’ என்று இருக்கும். எந்தச் சபையின் குருமார் யாரை வந்து பார்க்கலாம் என்பதற்காகச் சட்டப்படி வைத்த ஏடு.

இதை முதலில் எடுப்பதற்கு இரண்டு காரணங்கள். சேர்க்கைப் பதிவேடு நாள் வரிசையில் ஓடும். இதுவோ குடும்பப் பெயரின் முதலெழுத்துப்படி பிரிக்கப்பட்டிருக்கும். ஸ்மித் என்றால் எஸ் எழுத்துப் பக்கங்களை மட்டும் புரட்டிப் பல ஆண்டுகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். இன்னொன்று, எங்கிருந்து வந்தார், பிறந்த ஆண்டு, மதம், இந்தத் தகவலைச் சொன்னவர் யார், நெருங்கிய உறவினர் யார், எங்கே இருக்கிறார் என்று கேட்கும் கட்டங்கள் இதில் உண்டு. எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்காது. நிரம்பியிருந்தால் மணமான மகளின் புதிய குடும்பப் பெயரும் முகவரியும் ஒரே வரியில் கிடைக்கும். வேறு எந்த ஏட்டிலும் அது அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

1869க்கு முந்தையது என்றால் உள்-உதவிப் பட்டியலைத் தேடுங்கள். மார்ச் 25, செப்டம்பர் 29 என்று அரையாண்டுக்கு ஒருமுறை, யார் எத்தனை நாள் உள்ளே இருந்தார், செலவு எந்த பாரிஷுக்கு என்று கணக்கு முடித்த பட்டியல் அது. வாழ்க்கை விவரம் இருக்காது, ஆனால் ஆறு மாதத்தைச் சில பக்கங்களில் பார்த்துவிடலாம்.

1861இல் நாடாளுமன்றத்துக்காக அச்சான ஒரு பட்டியலும் உண்டு. ஐந்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து வொர்க்ஹவுஸில் இருந்த பெரியவர்கள், நாடு முழுதும் ஏறத்தாழ 14,000 பேர், காரணத்துடன். அந்தக் காலத்தில் ஒருவர் நீண்ட நாள் காணாமல் போயிருந்தால் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

6. சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு வரியைப் படிப்பது

தேதி கிடைத்துவிட்டது. இப்போது சேர்க்கை, வெளியேற்றப் பதிவேட்டுக்குப் போகலாம். திறந்த ஏட்டின் இடப்பக்கம் உள்ளே வந்தவர்கள், வலப்பக்கம் வெளியே போனவர்கள் என்ற அமைப்பில் பல ஏடுகள் இருக்கும். ஒரே வரிசையில் எதிரெதிரே இருக்கும் இரண்டு பெயர்களுக்கும் சம்பந்தம் இல்லை. இதைக் கவனிக்காமல், வந்த அன்றே போய்விட்டார் என்று குறித்துக்கொண்டவர்கள் உண்டு.

வரியை இடமிருந்து வலமாகப் படியுங்கள். தேதிக்குப் பக்கத்தில் பி, டி, எஸ் என்று ஓர் ஆங்கில எழுத்து நிற்கும். உள்ளே வந்தபின் சாப்பிடும் முதல் வேளை காலையா, நண்பகலா, இரவா என்பது அது. கணக்கர் அந்த வேளையிலிருந்துதான் செலவு எழுதினார். வெளியே போகும்போது கடைசியாகச் சாப்பிட்ட வேளையும் அப்படியே. ஒரு மனிதர் எத்தனை மணி வாக்கில் அந்த வாசலுக்கு வந்தார் என்று இந்த ஓரெழுத்து நமக்குச் சொல்லிவிடுகிறது.

அடுத்துப் பெயர், தொழில், மதம், பிறந்த ஆண்டு, எந்த பாரிஷிலிருந்து, யார் ஆணைப்படி, உதவி கேட்ட காரணம். ஆணை கொடுத்தவர் வழக்கமாக ரிலீவிங் ஆபீசர், அதாவது உதவி கேட்டு வருபவர்களை விசாரித்த யூனியன் அதிகாரி. அவர் தன் பகுதிக்கென வைத்திருந்த விண்ணப்ப ஏடு மிஞ்சியிருந்தால் அது பெரிய கொடுப்பினை. வீட்டு முகவரி, கூலி, நோய், பிள்ளைகள் வயது, பராமரிக்கக் கடமைப்பட்ட உறவினர் எல்லாம் அதில் இருக்கும்.

சாப்பாட்டு வகுப்பு என்று ஓர் எண்ணும் இருக்கலாம். தொடக்க கால விதிப்படி 1 வயதான ஆண்கள், 2 உடல்வலு உள்ள ஆண்கள், 3 சிறுவர்கள், 4 வயதான பெண்கள், 5 உடல்வலு உள்ள பெண்கள், 6 சிறுமிகள், 7 ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகள். எண் 2 இருந்தால் அவர் நோயாளியாக வரவில்லை. வேலையில்லாமல் வந்திருக்கிறார் என்று ஊகிக்கலாம்.

உங்கள் ஆளின் வரியோடு நிறுத்தாதீர்கள். மேலே ஐந்து, கீழே ஐந்து வரிகளையாவது பாருங்கள். குடும்பமாக வந்தவர்கள் வாசலில் பிரிக்கப்பட்டு வேறு வேறு பகுதிகளுக்குப் போனாலும், பதிவு அடுத்தடுத்துத்தான் நடந்தது. ஒரே தேதி, ஒரே பாரிஷ், ஒரே ஆணை என்றால் ஒரே குடும்பமாக இருக்கலாம். மனைவியோடு வந்த தங்கை, வேறு குடும்பப் பெயரில் முதல் தாரத்துப் பிள்ளை இப்படித்தான் அகப்படுவார்கள்.

7. உள்ளே, வெளியே, மறுபடி உள்ளே

ஒரு பதிவு கிடைத்ததும் நிறுத்திவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. வொர்க்ஹவுஸ் சிறை இல்லை. முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு யாரும் போகலாம். ஆனால் குடும்பத்தலைவன் போனால் மனைவி மக்களும் கூடவே போக வேண்டும். அவர்கள் செலவை அப்புறம் யார் கொடுப்பது? ஆகவே ஒரே குடும்பம் ஓராண்டில் பலமுறை போய்வந்திருக்கலாம்.

நடிகர் சார்லி சாப்ளினின் குடும்பம் இதற்கு நல்ல உதாரணம். 1898 ஜூலையில் அவர் தாய் ஹன்னா சாப்ளின் தன் இரண்டு மகன்களோடு லண்டன் லாம்பெத் வொர்க்ஹவுஸில் சேர்ந்தார். பிள்ளைகளை நார்வுட் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகஸ்டில் அவர் வெளியேறுவதாக எழுதிக்கொடுத்து, பிள்ளைகளையும் வெளியே எடுத்து, கென்னிங்டன் பூங்காவில் ஒருநாள் அவர்களோடு இருந்துவிட்டு, மாலையில் மூவரும் திரும்பிப்போய்ச் சேர்ந்துகொண்டார்கள். வெறும் தேதிகளாகப் பார்த்தால் அலுவலகக் குழப்பம் போலத் தெரியும். பிள்ளைகளைப் பார்க்க ஒரு தாய்க்கு இருந்த வழி அது. உங்கள் ஏட்டிலும் காலையில் வெளியேற்றம், அதே நாளில் மறு சேர்க்கை என்று இருந்தால், பிள்ளைகளின் பெயர்களையும் அதே தேதியில் தேடிப் பாருங்கள்.

எல்லாப் போக்குவரத்தையும் தேதி, வேளை, காரணம், யாரோடு என்று ஓர் அட்டவணையாக்குங்கள். குளிர்காலத்தில் மட்டும் வருகிறாரா, பிரசவத்துக்கு முன் மட்டும் வருகிறாரா என்பது அட்டவணையாகப் பார்த்தால்தான் தெரியும்.

8. ‘எங்கே அனுப்பப்பட்டார்’ என்ற கட்டத்தைத் தொடர்வது

வெளியேற்றக் கட்டத்தில் ‘சொந்த விருப்பம்’, ‘இறந்தார்’ என்றோ வேறொரு இடத்தின் பெயரோ இருக்கும். இடம் இருந்தால் ஏடு மாறுகிறது. நீங்களும் மாற வேண்டும்.

மறுபடி சாப்ளினையே பார்ப்போம். 1896 மே மாதம் நியூவிங்டன் வொர்க்ஹவுஸ். ஜூனில் பிள்ளைகள் நகருக்கு வெளியே ஹான்வெல் பள்ளிக்கு. அண்ணன் சிட்னி அந்த ஆண்டு இறுதியில் ‘எக்ஸ்மவுத்’ பயிற்சிக் கப்பலுக்கு. 1898இல் லாம்பெத், நார்வுட். செப்டம்பரில் தாய் லாம்பெத் மருத்துவமனைக்கு, அங்கிருந்து கேன் ஹில் மனநல விடுதிக்கு. இரண்டரை ஆண்டுக்குள் ஏழு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி ஏடு. தந்தை சார்லஸைப் பராமரிப்புச் செலவுக்காகக் கார்டியன்கள் துரத்திய விவரமும் அவர்களுடைய ஆவணங்களிலிருந்துதான் தெரியவந்தது.

லண்டன்காரர்களுக்கு இன்னொரு குறிப்பு. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான மெட்ரோபாலிட்டன் அசைலம்ஸ் போர்டு, அம்மை, காய்ச்சல் மருத்துவமனைகளோடு மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான பெரிய விடுதிகளையும் நடத்தியது. ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் லீவ்ஸ்டன், சர்ரேயில் கேட்டர்ஹாம், இரண்டும் 1870இல் திறந்தவை. லண்டனில் இறப்பே காணாத பாட்டி இந்த ஊர்களில் பதிவாகியிருக்கலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் கனடாவையும் விட்டுவிடாதீர்கள். தொண்டு நிறுவனங்களும் சில யூனியன்களும் பிள்ளைகளைக் கப்பலேற்றி அங்கே அனுப்பின. கனடாவின் தேசிய நூலக ஆவணக் காப்பகத்தில் அவர்களுக்கென்றே பெயர்த் தரவுத்தளம் உள்ளது.

9. கார்டியன்கள் பக்கத்து ஆவணங்கள்

பெயரும் தேதியும் உறுதியான பிறகு மட்டும் இங்கே வாருங்கள். தேதி இல்லாமல் குறிப்பேடுகளில் இறங்கினால் மூழ்கிவிடுவீர்கள்.

குழுவின் வாராந்தரக் குறிப்பேட்டில் எல்லோர் பெயரும் வராது. செலவில் தகராறு வந்தவர், தண்டனை பெற்றவர், வேலை பழக அனுப்பப்பட்ட பிள்ளை, வெளிநாடு அனுப்பப்பட்டவர் வருவார்கள். ஊர் உரிமை விசாரணை கிடைத்தால் விடாதீர்கள். எங்கே பிறந்தேன், யாரிடம் வேலை பார்த்தேன், எவ்வளவு வாடகை கொடுத்தேன், எங்கே மணந்தேன் என்று ஒருவர் சத்தியம் செய்து சொன்ன வாழ்க்கைச் சுருக்கம் அது. படிக்காதவர்களின் சொந்தச் சொல்லுக்கு இவ்வளவு பக்கத்தில் போக முடிவது அபூர்வம்.

யூனியன்களுக்கும் லண்டனில் இருந்த ஏழைச் சட்டத் தலைமை அலுவலகத்துக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து கியூவில் எம்.எச். 12 என்ற வரிசையில் ஆயிரக்கணக்கான தொகுதிகளாக உள்ளது. வொர்க்ஹவுஸ் ஊழியராக இருந்த முன்னோருக்கு எம்.எச். 9.

10. மருத்துவமனை ஏடுகள்

மருத்துவமனை என்றதும் எது என்று கேட்பதற்கு முன், எந்த வகை என்று கேளுங்கள். இங்கும் செலவுதான் பதில்.

யூனியன் மருத்துவமனை: செலவு யூனியன் கணக்கில். ஏடு வொர்க்ஹவுஸ் ஏடுகளோடு சேர்ந்தோ தனியாகவோ இருக்கும். லண்டனில் 1867க்குப் பிறகு பல இடங்களில் தனி. வொர்க்ஹவுஸ் ஏட்டில் ‘மருத்துவமனைக்கு’ என்று முடிந்த வரி அங்கே தொடரும்.

நன்கொடை மருத்துவமனை: செயின்ட் பார்த்தலோமியூ, கைஸ் போன்றவை. இவ்வகை மருத்துவமனைகள் பலவற்றுக்கு நன்கொடையாளரின் பரிந்துரைக் கடிதத்தோடு போக வேண்டிய காலம் இருந்தது. தொற்றுநோய்க்காரரையும் குணமாகாதவரையும் பல மருத்துவமனைகள் சேர்க்கவில்லை. காசநோயில் இறந்த ஏழையை முதலில் யூனியனில் தேடுவது அதனால்தான். குழந்தை என்றால் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் 1852 முதல் 1914 வரையிலான சேர்க்கைகள் பெயர்வாரியாகத் தொகுக்கப்பட்டுள்ளன.

மனநல விடுதி: 1845 முதல் ஒவ்வொரு மாவட்டமும் கட்டாயம் நடத்த வேண்டியிருந்தது. கியூவின் எம்.எச். 94 வரிசையில் 1846 முதல் நாடு முழுவதற்கும் சேர்க்கைப் பதிவேடு உள்ளது. பெயர், விடுதி, தேதி, பிறகு விடுதலையா இறப்பா என்பது அதில் தெரியும். அதை வைத்து மாவட்டக் காப்பகத்தில் அந்த விடுதியின் நோயாளிக் குறிப்பேட்டைக் கேளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் குறிப்பேடுகள் சிலவற்றில் புகைப்படமும் ஒட்டியிருக்கும். குடும்பத்தில் வேறு யாரிடமும் இல்லாத ஒரே முகம் அதுவாக இருக்கலாம். வீட்டாருக்குக் காட்டும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

நோய்ப் பெயர்களை இன்றைய பொருளில் எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு, வலிப்பு, முதுமை மறதி எல்லாமே அன்று மனநோய் விடுதிக்குப் போகும் காரணங்கள்.

11. இறப்பும் அடக்கமும்

இறப்புத் தேதி இருந்தும் கல்லறை கிடைக்கவில்லை என்பார்கள். யாரும் கேட்டு வராத உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க 1832ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. அப்படிப் போனவரின் அடக்கம் சில வாரங்கள் தள்ளி, வேறு கல்லறையில் நடந்திருக்கும். இறந்த நாளுக்கு அடுத்த வாரத்தோடு தேடலை நிறுத்தாமல் சில மாதங்கள் தள்ளியும் பாருங்கள். யூனியன் செலவில் அடக்கம் என்றால் பொதுக் குழி. கல் இருக்காது, கல்லறைப் பதிவேட்டில் குழி எண் இருக்கும்.

12. இந்தியாவிலிருந்து போனவர்கள்

மதராஸிலிருந்து கப்பலில் போன மாலுமிகளும், வெள்ளைக்காரக் குடும்பங்களோடு போன ஆயாக்களும் லண்டனில் கைவிடப்பட்டதுண்டு. மாலுமிகளுக்கு லைம்ஹவுஸில் 1857இல் ஆசியர்களுக்கான விடுதி திறந்தது. ஆயாக்களுக்கென்று ஹாக்னியில் ஒரு விடுதி இருந்தது. கிரீனிச் டிரெட்நாட் மாலுமிகள் மருத்துவமனையின் சேர்க்கைப் பதிவேடுகளில் வயது, பிறந்த ஊர், கடைசியாக வந்த கப்பல், நோய் எல்லாம் இருக்கும். ஆன்செஸ்ட்ரியில் படங்களைப் பார்க்கலாம்.

இவர்களைப் பெயரால் தேடாதீர்கள். முத்துவும் ராமசாமியும் எழுத்தர் காதில் எப்படி விழுந்தார்களோ யார் கண்டார். கப்பல் பெயரும் மாதமும்தான் பிடி. திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்ற கடிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் கோப்புகளில் உள்ளன.

13. காப்பகத்துக்கு எழுதும்போது

நோயாளி விவரம் உள்ள ஏடுகள் பொதுவாக 100 ஆண்டு மூடப்பட்டிருக்கும். ஏட்டின் கடைசிப் பதிவிலிருந்து எண்ணுவதால், 1915 பதிவுகூட 1930 வரை ஓடிய ஏட்டில் இருந்தால் திறந்திருக்காது. அவர் இறந்ததற்கான சான்றிதழையும் உங்கள் உறவு முறையையும் காட்டிக் கேட்டால், ஊழியர் அந்த ஒரு பதிவை மட்டும் பார்த்துச் சொல்ல வாய்ப்புண்டு.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். யூனியன் அல்லது மருத்துவமனை பெயர், ஏட்டின் பட்டியல் எண், ஆளின் பெயர், பிறந்த ஆண்டு, தேடும் காலம், அதற்கான ஆதாரம் போதும். குடும்பக் கதை முழுதும் எழுத வேண்டாம். பதில் ‘அந்த ஆண்டு ஏடு இல்லை’ என்று வந்தாலும், ‘ஏடு இருக்கிறது, பெயர் இல்லை’ என்று வந்தாலும் இரண்டையும் தனித்தனியாகத் தேதி போட்டுக் குறித்துவையுங்கள். அடுத்த யூனியனுக்குப் போவதா, வேறு வகை ஏட்டுக்குப் போவதா என்பது அதைப் பொறுத்தது.